ஆணி அடிக்கத் தெரியாத வெள்ளைக்காரன்

லண்டனுக்குப் படிக்க வர்ற நம்மாளுங்க ஆறு மாசத்துக்குள்ள கண்டிப்பா சொல்லிடற வசனம் ஒண்ணு இருக்கு. "வெள்ளைக்காரனைப் பாரு, சனி ஞாயிறு ஆனா ஏணியைத் தூக்கிட்டு அவன் வீட்டுக்கு அவனே பெயிண்ட் அடிக்கறான். நம்மூர்ல ஒரு ஆணி அடிக்கணும்னாகூட ஆளைத் தேடறோம். அதெல்லாம் அவங்க ரத்தத்துலயே இருக்குப்பா."

ரத்தமாவது ஒண்ணாவது. கொஞ்ச நாளா இந்த விஷயத்தைப் பத்திக் கிடைச்சதை எல்லாம் படிச்சதுல எனக்குத் தெரிஞ்சது இதுதான்: 'டூ இட் யுவர்செல்ஃப்'னு இவங்க பெருமையா சொல்லிக்கற வழக்கத்துக்கு வயசு எழுபதைச் சொச்சம் வருஷம். அதுவும் ஆசைப்பட்டுப் பிறந்த குழந்தை இல்ல. ஆள் கிடைக்காத பஞ்சத்துல பிறந்தது.

முதல் உலகப் போருக்கு முன்னாடி ஒரு நடுத்தர வர்க்க ஆங்கிலேயர் கையில சுத்தியலைக் கொடுத்திருந்தா உங்களை ஏற இறங்கப் பார்த்திருப்பார். தச்சர், பூச்சு வேலைக்காரர், பெயிண்டர், காகிதம் ஒட்டுறவர்னு ஒவ்வொண்ணுக்கும் ஆள் இருந்தாங்க. வீட்டுக்குள்ள வேலைக்காரப் பெண் இருந்தா. முக்கியமான விஷயம், வீடே அவருடையது இல்ல. 1918ல் இங்கிலாந்தில் சொந்த வீட்டில் இருந்த குடும்பங்கள் சுமார் 23 சதவீதம்தான். மீதி எல்லாரும் வாடகை. அடுத்தவன் வீட்டுச் சுவரை நான் எதுக்குப் பூசணும்? ஏழைங்க தாங்களே ஒட்டுப் போட்டுக்கலையான்னு கேட்டா, போட்டுக்கிட்டாங்க. ஆனா அதுக்குப் பேரு பொழுதுபோக்கு இல்ல, ஜீவனம்.

1930கள்ல லண்டனைச் சுத்தி புறநகர் வீடுகள் வரிசை வரிசையா எழும்புச்சு. மாசத் தவணைக் கடன்ல சாதாரண குமாஸ்தாகூட வீடு வாங்க ஆரம்பிச்சார். அப்புறம் போர். குண்டு விழுந்த வீடுகள் ஒரு பக்கம், ஆறு வருஷமா பெயிண்ட் பார்க்காத வீடுகள் இன்னொரு பக்கம். கைத்தொழில் தெரிஞ்சவங்களை எல்லாம் அரசாங்கம் புது வீடு கட்டவும் இடிஞ்சதைச் சரி பண்ணவும் இழுத்துக்கிச்சு. மரத்துக்குப் பஞ்சம். குறிப்பிட்ட தொகைக்கு மேல செலவாகிற கட்டட வேலைக்கு லைசென்ஸ் வாங்கணும். (லைசென்ஸ் ராஜ்னா நம்ம சொத்துன்னு நினைச்சிருந்தேன்!) அந்தக் கட்டுப்பாடு 1954 வரைக்கும் இருந்தது. உணவு ரேஷன் முழுசா ஒழிஞ்சதும் அதே வருஷம்தான்.

இப்போ ஒரு இளம் தம்பதியை நினைச்சுப் பாருங்க. 1953 வாக்கில் சொந்த வீட்டுக்காரர்கள் சுமார் 32 சதவீதம். இவங்க அதுல ஒருத்தர். வீடு விக்டோரியா காலத்துது, ஒழுகுது, இருட்டா இருக்கு. ஆள் கூப்பிட்டா மாசக்கணக்குல வரமாட்டான், வந்தா கேக்கற கூலி கட்டுபடியாகாது. ஆனா போருக்குப் பிறகு வாரம் அஞ்சு நாள் வேலைங்கறது பரவலாகி, சனிக்கிழமை முழுசா கையில இருக்கு. புருஷன் படையில இருந்தப்போ ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கிட்டு வந்திருக்கார். மனைவி போர்க்காலத் தொழிற்சாலையில எந்திரம் ஓட்டினவங்க. வேறென்ன செய்வாங்க? ஏணியைத் தூக்கினாங்க.

சரி, தூக்கினா மட்டும் போதுமா? கருவி வேணுமே. இங்கதான் எனக்குப் பிடிச்ச ஒரு குட்டிச் சாமான் வருது. ரால்பிளக். நம்மூர்ல சில எலக்ட்ரீஷியனுங்க 'ராயல் பிளக்'னு ராஜ மரியாதையோட கூப்பிடுவாங்களே, அதேதான் :-)

செங்கல் சுவர்ல திருகாணி நிக்காது. அந்தக் காலத்துல என்ன பண்ணுவாங்கன்னா, உளியால சதுரமா ஒரு பள்ளம் பறிச்சு, மரக்கட்டையை அடிச்சு இறக்கி, சுத்திப் பூசி, காய்ஞ்சப்புறம் கட்டையில திருகுவாங்க. ஒரு அலமாரி மாட்ட ஒரு நாள் போயிடும், சுவரும் நாசம். லண்டன்ல ஜான் ஜோசப் ராலிங்ஸ்னு ஒரு கட்டட கான்டிராக்டர். பிரிட்டிஷ் மியூசியத்துல சுவருக்குச் சேதமில்லாம மின் சாமான்களைப் பொருத்தணும்னு அவருக்கு வேலை வந்தது. அதுக்காக யோசிச்சதுதான் இந்தப் பிளக். 1911ல் காப்புரிமைக்குப் போனார். இன்னைக்கு இருக்கிற பிளாஸ்டிக் இல்ல. சணல் நாரைப் பசை போட்டு இறுக்கிச் செஞ்ச சின்னக் குழல். சின்ன ஓட்டை போட்டு அதைச் சொருகி ஆணியைத் திருகினா, நார் விரிஞ்சு செங்கல்லை நாலு பக்கமும் அழுத்திப் பிடிச்சுக்கும். அவ்வளவுதான் தத்துவம். அந்தக் காலத்துல உலகத்துச் சணல்ல பெரும்பகுதி வங்காளத்துல விளைஞ்சது. மியூசியத்துக்குள்ள நம்ம பக்கத்துப் பொருள் எத்தனையோ இருக்கு, சுவருக்குள்ளயும் போயிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆனா ஓட்டை போடறது? ஒரு எஃகுக் கம்பியைச் சுவர்ல வெச்சுச் சுத்தியலால தட்டணும், கொஞ்சம் திருப்பணும், மறுபடி தட்டணும், திருப்பணும். முழங்கை கழண்டு போகும். அதுக்குத் தீர்வு அமெரிக்காவிலேர்ந்து வந்துச்சு. துப்பாக்கி மாதிரிப் பிடியும் விசையும் வெச்ச மின் துளைப்பானை முதல் உலகப் போர்க் காலத்துலயே பிளாக் அண்ட் டெக்கர் பண்ணிட்டாங்க, ஆனா அது தொழிற்சாலைக்கு. இரண்டாம் போர்ல தொழிலாளிங்க அந்தத் துளைப்பானை வீட்டு வேலைக்காகச் சொல்லாம கொள்ளாம எடுத்துட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சதும், கம்பெனி திருட்டைப் பிடிக்கறதுக்குப் பதிலா சந்தையைப் பிடிச்சுது. 1946ல் வீட்டு உபயோகத்துக்குன்னே மலிவா ஒண்ணு வந்தது. கூடவே தண்ணியில கலக்கற எமல்ஷன் பெயிண்ட், ரோலர், ஒட்டுப்பசை. சிறுவயசுலேர்ந்து தொழில் பழகின கைக்குத்தான் வரும்னு இருந்த வேலைகள் ஒவ்வொண்ணா, டப்பா மேல இருக்கிற குறிப்பைப் படிக்கத் தெரிஞ்ச எவருக்கும் வரும்னு ஆச்சு.

இந்தக் கதையோட நாயகன் பேரி பக்னெல். 1912ல் பிறந்தவர். அப்பாவுடைய கட்டட, மின்வேலை நிறுவனத்துல வேலை பார்த்தவர். 1950களின் பிற்பாதியில பி.பி.சி. தொலைக்காட்சியில வந்து அலமாரி மாட்டறது, கதவு சரி பண்ணறதுன்னு செஞ்சு காட்டினார். நிகழ்ச்சி உச்சத்துல இருந்தப்போ பார்த்தவங்க சுமார் 70 லட்சம். வாரத்துக்கு 35,000 கடிதம் வரைக்கும் வந்ததாம், பதில் போடவே பத்து செக்ரட்டரிங்க. (ஒரு பதிவுக்குப் பத்துப் பின்னூட்டம் வந்தாலே நமக்குத் தலை கால் புரியறதில்ல.)

1962ல் பி.பி.சி. இன்னும் ஒரு படி மேல போச்சு. லண்டன் ஈலிங் பகுதியில பாழடைஞ்ச ஒரு பழைய வீட்டை 2,250 பவுண்டுக்கு வாங்கி, பக்னெல் கையில கொடுத்துட்டாங்க. 39 வாரம், வாராவாரம் அந்த வீடு மாறிக்கிட்டே வர்றதை நாடே உக்காந்து பார்த்தது. இன்னைக்கு வர்ற அத்தனை வீடு மாத்தும் நிகழ்ச்சிக்கும் இதுதான் பாட்டன்.

ஆனா பக்னெல் பேரைச் சொன்னா இன்னைக்குப் பல கட்டடக்கலை ரசிகர்களுக்கு முகம் சுளியும். காரணம், ஹார்ட்போர்டு. மரநாரைச் சூடாக்கி அழுத்திச் செஞ்ச மெல்லிசு பலகை. விக்டோரியா காலத்துக் கதவுகள்ல நாலு பள்ளம், ஓரமெல்லாம் இழைச்ச வேலைப்பாடு இருக்கும். அது மேல ஒரு ஹார்ட்போர்டை வெச்சு ஆணி அடிச்சு, வெள்ளை பெயிண்ட் அடிச்சா கதவு வழவழன்னு ஆயிடும். மாடிப்படிக் கைப்பிடிக்குக் கீழ இருக்கிற கடைசல் கம்புகளையும் அதே பலகையால மூடு. கணப்பை அடைச்சுடு. லட்சக்கணக்கான வீடுகள்ல இதைச் செஞ்சாங்க. ரசனை கெட்ட ஜனங்க, நாட்டோட அழகையே மூடிட்டாங்கன்னு பின்னாடி வந்தவங்க திட்டித் தீர்த்தாங்க.

எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கதவை அழகுன்னு சொல்றவங்க, அதைத் துடைச்சவங்க யாருன்னு கேக்கறதே இல்ல. ஊரெல்லாம் நிலக்கரி எரிஞ்ச காலம். 1952 டிசம்பர்ல லண்டனைப் புகைமூட்டம் மூடி ஆயிரக்கணக்கான பேர் செத்தாங்க, 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அந்தக் கரி அந்த வேலைப்பாட்டு ஓரத்துல ஒவ்வொண்ணுலயும் படியும். விக்டோரியா காலத்துல அதைத் துடைக்க பதினாலு வயசு வேலைக்காரப் பொண்ணு ஒருத்தி மாடி அறையில இருந்தா. 1950கள்ல அந்தப் பொண்ணு ஆபீசுக்கோ தொழிற்சாலைக்கோ போயிட்டா (நல்லவேளை!). இப்போ துடைக்க வேண்டியது வீட்டம்மா, அதுவும் வேலைக்குப் போயிட்டு வந்து. அவங்க கண்ணுக்கு அந்தக் கடைசல் கம்பு அழகாத் தெரியணும்னு எதிர்பார்க்கறது கொஞ்சம் அநியாயம். வழவழன்னு ஒரு கதவு, ஒரே இழுப்புல துடைக்கலாம்... அதுதான் அவங்களுக்கு நவீனம், அதுதான் விடுதலை.

பக்னெல் கதவை மூடிக்கிட்டிருந்த அதே 1961-62ல்தான் யூஸ்டன் ரயில் நிலையத்துப் பிரம்மாண்டமான கல் வாயிலை இடிச்சாங்க. விக்டோரியா காலத்துக் கட்டடங்களைக் காப்பாத்தன்னு 1958ல் ஆரம்பிச்ச சங்கம் போராடியும் பலிக்கல. யூஸ்டன் வாயில் போனது போனதுதான். பக்னெலைப் பார்த்து மூடின கதவு அப்படியே உள்ள இருந்தது, நாலு சின்ன ஆணியைப் பிடுங்கினா வெளிய வந்துடும்.

வந்துச்சு. 1970கள், 80கள்ல பழைய வீடுகளுக்கு மவுசு வந்து, அடுத்த தலைமுறை ஹார்ட்போர்டைப் பிச்சு எறிஞ்சாங்க. எறிஞ்சதோட நின்னாங்களா? கதவைக் கழட்டிக் காஸ்டிக் சோடாத் தொட்டியில முக்கி, பெயிண்டை எல்லாம் உரிச்சு, வெறும் பைன் மரமா மாட்டி 'ஒரிஜினல்'னு ரசிச்சாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, விக்டோரியா காலத்துக்காரங்க அந்த மலிவு பைன் கதவை ஒருநாளும் மொட்டையா விட்டதில்ல. பெயிண்ட் அடிப்பாங்க, இல்லாட்டி ஓக் மரம் மாதிரி ரேகை வரைஞ்சு ஏமாத்துவாங்க. சோடாவுல முக்கினதுல மூட்டுல இருந்த பசை இளகி எத்தனையோ கதவு ஆட்டம் கண்டுச்சு. கதவுக்குக் கெடுதல் பண்ணினது மூடினவங்களா, காப்பாத்தினவங்களா? நான் பக்னெல் கட்சி.

ஒரு விஷயத்துல மட்டும் அந்தக் காலத்தை மன்னிக்க முடியல. உத்தரத்துல விரிசல் தெரியாம இருக்க, சுழி சுழியா வடிவம் போட்டு ஆர்டெக்ஸ்னு ஒரு பூச்சு பூசுவாங்க. வார இறுதி வேலைக்காரங்களுக்கு அது வரப்பிரசாதம், மேடு பள்ளம் எல்லாம் மறைஞ்சுடும். அதுல பலமா ஒட்ட வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தாங்க, 1980கள் வரைக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் இங்க முழுசா தடையானது 1999ல்தான். சும்மா இருக்கிற வரைக்கும் பெரிய ஆபத்தில்ல, சுரண்டினா, துளை போட்டாத்தான் தூள் மூச்சுல போகும். பழைய வீட்டுல வாடகைக்கு இருக்கிற நம்ம பசங்க, சுழி போட்ட உத்தரத்துல விளக்கு மாட்டறேன்னு கிளம்பாதீங்க. வீட்டுக்காரர்கிட்ட எழுத்துல கேளுங்க.

கடைகள் கதை தனிக் கூத்து. 1969ல் சவுத்தாம்ப்டன்ல ரிச்சர்ட் பிளாக், டேவிட் குவேல்னு ரெண்டு பேர் சேர்ந்து தங்கள் பேரோட முதல் எழுத்துகளை வெச்சு பி அண்ட் க்யூ ஆரம்பிச்சாங்க. சாமான் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. ஆனா ஞாயித்துக்கிழமை திறக்க 1950ம் வருஷத்துக் கடைகள் சட்டம் விடாது. சனிக்கிழமை பாதிச் சுவர்ல பெயிண்ட் தீர்ந்து போனா திங்கள் வரைக்கும் பாதிச் சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காரணும். அவங்க சட்டத்தை மீறித் திறந்தாங்க, ஊராட்சிகள் வழக்குப் போட்டன, வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு. தாட்சர் அம்மையாரே 1986ல் சட்டத்தை மாத்தப் பார்த்து, சொந்தக் கட்சிக்காரங்களே எதிர்த்து ஓட்டுப் போட்டதுல நாடாளுமன்றத்துல தோத்தாங்க. தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே பக்கம் நின்ன அபூர்வக் காட்சி. கடைசியில 1994ல்தான் சட்டம் மாறிச்சு.

பக்னெல் 2003ல் தன் 91வது வயசுல காலமானார். கட்டட வேலை தவிர, ஜாக் ஹோல்ட்டோட சேர்ந்து வீட்டுலயே ஒட்டுப்பலகையைக் கம்பியால தைச்சு, கண்ணாடி நார் ஒட்டிப் பண்ணிக்கிற மாதிரி ஒரு சின்னப் பாய்மரப் படகும் வடிவமைச்சிருக்கார். டெய்லி மிரர் பத்திரிகை 1963ல் அதைக் கொண்டு வந்தது. எழுபதாயிரத்துக்கு மேல செஞ்சிருக்காங்க. பணக்காரங்க மட்டும் ஏறின பாய்மரப் படகுல பஸ் டிரைவரும் ஏறினார்.

சொந்த வீட்டுக்காரர்கள் பங்கு 2000களின் ஆரம்பத்துல எழுபது சதவீதத்தைத் தொட்டு, அப்புறம் இறங்கிடுச்சு. இப்போ இங்கிலாந்தில் சுமார் 65. இளசுகள் பெரும்பாலும் வாடகைதான். நான் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு: ஆணி கூடாது, திருகாணி கூடாது, பெயிண்ட் கூடாது, சுவர்ல ஒட்டும் பசை எதுவும் கூடாது. வீட்டுல எது கெட்டாலும் ஏஜெண்டுக்கு மெயில் போட்டுட்டு ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். கூட இருக்கிற ரெண்டு ஆங்கிலேயப் பசங்களும் அப்படித்தான் காத்திருக்காங்க. அவங்ககிட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இல்ல.