சுமங்கலித் திட்டம்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகள் வளரிளம் பெண்களை விடுதியில் தங்கவைத்து, பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வேலை வாங்கிய முறை சுமங்கலித் திட்டம். காலம் முடிந்ததும் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாக வரும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று தரகர்கள் வீடு வீடாகச் சொல்லி ஆள் சேர்த்தார்கள். வரதட்சணை 1961-லேயே சட்டப்படி தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் வரதட்சணைக் கவலையே இங்கே ஆள்பிடிக்கும் தூண்டில். 'சுமங்கலி' என்று பெயர் வைத்தவர் பெண்ணைப் பெற்றவர்களின் மனதை நன்றாக அறிந்தவர். இந்த முறையைக் 'கேம்ப் கூலி' என்றும் சொல்வார்கள். உண்மைக்கு அதுதான் பக்கம்.

கடைசியில் தருவதாகச் சொன்ன தொகை, மாதாமாதம் பிடித்து வைத்த கூலிதான். இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியவர்கள் பலருக்கு அதுவும் வரவில்லை. ஏட்டில் அவர்கள் 'அப்ரண்டிஸ்'. சில மாதங்களில் கைவந்துவிடும் வேலைக்கு மூன்றாண்டுப் பயிற்சி!

நூற்பாலையில் நூல் முறுக்கும் ரிங் பிரேம் எந்திரத்தைக் கவனிப்பவருக்குப் பெயர் சைடர். கதிர் வரிசை நெடுக நடந்தபடியே அறுந்த இழையை விரலால் ஒட்ட வேண்டும். ஷிப்ட் முடிவதற்குள் பல கிலோமீட்டர் நடை. இழை அறாமலிருக்கக் கூடத்தில் ஈரப்பதத்தை ஏற்றி வைப்பார்கள், வெக்கை வேறு. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு: வார லீவு முடிந்து திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு அதிகமாக இறுகும்.

ராசிபுரத்தில் ஏலம் போகும் பருத்தி சட்டையாவதற்குள் ஜின்னிங், நூற்பு, நெசவு அல்லது பின்னல், சாயம், தையல் என்று பல கை மாறுகிறது. வெளிநாட்டு பிராண்டுகளின் ஆய்வாளர்கள் பெரும்பாலும் தையல் ஆலையோடு நின்றுகொண்டார்கள். சட்டையின் லேபிளில் நூற்பாலையின் பெயர் இருக்காது; பொறுப்பும் அப்படியே நழுவியது. நெதர்லாந்தின் சோமோ உள்ளிட்ட அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட அறிக்கை இந்த மறைப்பை உடைத்தது. நிறுவனத்தின் மனித உரிமைப் பொறுப்பு அதன் வணிக உறவுகளுக்கும் நீளும் என்ற ஐ.நா. வழிகாட்டு நெறிகளும் அதே ஆண்டில் வந்தவைதான். பிறகு 'சுமங்கலி' என்ற பெயர் விளம்பரங்களிலிருந்து மெல்ல மறைந்தது. விடுதிகள் இருக்கின்றன; அவற்றில் இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களும் தங்குகிறார்கள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொலையானார், மேற்பார்வையாளர் கைதானார். அதையடுத்து 2022 ஏப்ரலில் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியனும் அதன் கூட்டாளி அமைப்புகளும் அந்த ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் எச் அண்டு எம் பிராண்டோடும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று அறியப்படும் உடன்பாட்டைச் செய்துகொண்டன. பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டையும் அது பெயர் சொல்லித் தடுக்கிறது. பயிற்சி பெற்ற பெண் தொழிலாளிகளே கூடத்தில் கண்காணிப்பார்கள். ஆலை மீறினால் பிராண்ட் வணிக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். தணிக்கைச் சான்றிதழுக்கு இல்லாத பல் அந்த ஒரு வரிக்கு உண்டு. ஆனால் கையெழுத்திட்டவர்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும். மற்ற ஆலைகளின் வாசலில் நிற்கும் வேனில் ஏறுகிறவளுக்கு அது பொருந்தாது.