ஏரியில் இட்ட முதல்: திருப்பதி ஸ்ரீபண்டாரத்தின் வரலாறு

திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. தேவஸ்தானம் அவற்றை 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. கொடையாக வந்த முதலை அழிக்காமல், அதன் பலனைக் கொண்டே பூசையும் அமுதுபடியும் நடத்திய ஒரு பெரும் முதலீட்டு நிறுவனத்தின் கணக்கு அந்தக் கற்களில் இருக்கிறது.

அந்தக் கணக்கு விஜயநகர ஆட்சியில், சாளுவ நரசிம்மன் காலம் தொட்டு, பெருகியது. அரசர்கள் ஊர்களைக் கொடுத்தனர். கிருஷ்ணதேவராயர் 1514இல் 30,000 பொன்னால் பெருமாளுக்குக் கனகாபிஷேகம் செய்தார். ஆனால் நிதியின் வரலாற்றில் அரசரைவிட முக்கியமானவர்கள் ரொக்கமாகப் பணம் கட்டிய மற்றவர்கள்: ஆசாரியர்கள், வணிகர்கள், அதிகாரிகள், கோயில் கணக்கர்கள், கோயில் பணி செய்த பெண்களான எம்பெருமானடியார்கள்.

ஒருவர் தம் பெயரில் நாள்தோறும் அமுது படைக்க விரும்பினால், அதற்கான பணத்தைக் கோயில் கருவூலமான ஸ்ரீபண்டாரத்தில் செலுத்துவார். திருப்பதி ஸ்ரீவைஷ்ணவர்கள், திருச்சானூர் சபையார், நம்பிமார், ஜீயர், கோயில் கணக்கர் ஆகியோர் அடங்கிய தானத்தார் அதை ஏற்றுக் கல்லில் பொறிப்பார்கள். பணம் பெட்டியில் தூங்காது. கோயிலுக்குரிய திருவிடையாட்ட ஊர்களில் ஏரி வெட்டவும், பழைய ஏரியை ஆழப்படுத்தவும், கால்வாய் தோண்டவும் போகும். நீர் வந்ததால் கூடுதலாக விளைந்த நெல்லே கொடையின் வருமானம். அதிலிருந்து அமுதுபடி நடக்கும். படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளருக்கு உரியது. விட்டவன் விழுக்காடு என்று அதற்குப் பெயர். அந்தப் பங்கை அவர் தம் வாரிசுக்கோ, மடத்துக்கோ, வேறொருவருக்கோ எழுதி வைக்கலாம். முதலைத் திரும்பக் கேட்க முடியாது. பலனோ சந்திராதித்தவரை, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, தொடர வேண்டும்.

சொர்ணமுகி ஆறு ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கும் நிலம் இது. மழையை நம்பிய புன்செயை நன்செயாக்குவதைவிட உறுதியான பலன் தரும் முதலீடு இங்கே வேறு இருந்திருக்க முடியாது. அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரையில், இந்தக் கோயில் வேளாண்மை வளர்ச்சிக்கு மூலதனம் தந்த அமைப்பாக இயங்கியதை விரிவாகக் காட்டினார்.

1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் கொடைகள் குறைந்தன. கர்நாடகப் போர்களின்போது ஆர்க்காடு நவாப் முகமது அலி, ஆங்கிலேயக் கம்பெனியிடம் பட்ட கடனுக்குத் திருப்பதி வருமானத்தை ஈடாக எழுதிக் கொடுத்தார். ஊருக்கு முதல் போட்ட பண்டாரம் அந்நியரின் போர்க்கடனுக்குப் பிணையானது. இந்த வரலாற்றில் மிகத் துயரமான திருப்பம் இதுதான். 1801இல் நிர்வாகமே கம்பெனியின் கைக்குச் சென்றது. உபரி வருமானம் அரசுக் கருவூலத்தில் சேர்ந்தது. 1843இல் பொறுப்பு ஹாதிராம்ஜி மடத்துத் தலைவர்களான மகந்துகளிடம் வந்தது. 1932ஆம் ஆண்டுச் சட்டம் தேவஸ்தானக் குழுவை உருவாக்கியது.

இன்று உண்டியலில் பல நாட்டு நாணயங்களும் விழுகின்றன. தேவஸ்தானம் 2022இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி, வங்கிகளில் ரூ.15,938 கோடி வைப்புத்தொகையும் சுமார் 10.25 டன் தங்கமும் இருந்தன. தங்கத்துக்கு வட்டியும் தங்கமாகவே வருகிறது: 2016இல் பஞ்சாப் நேஷனல் வங்கியில் மூன்றாண்டுக்கு வைத்த 1,311 கிலோ, 2019இல் 1,381 கிலோவாகத் திரும்பியது. முதலைத் தொடாத பழைய ஒழுங்கு இதிலும் நிற்கிறது. வங்கி வைப்பு பாதுகாப்பானது, கணக்கும் எளிது. ஆனால் கொடைப்பணம் சுற்றியிருந்த ஊர்களை வாழவைத்த அளவைக் கொண்டு பார்த்தால், ஏரியில் இட்ட முதலே மேலானது.