பன்னிரண்டு பேருக்கு ஓர் அறை

நெப்ராஸ்கா மாநிலத்தின் பியாட்ரிஸ் ஊரை அடுத்த தேசியப் பூங்காவில், பழுதுபார்த்து நிறுத்தியிருக்கும் மரவீடு ஒன்று இருக்கிறது. 1867-ல் ஜார்ஜ் பாமர் என்ற குடியானவர் கட்டியது. நீளம் 16 அடி, அகலம் 14 அடி. நாலு எட்டில் மறு சுவர் வந்துவிடும். இதற்குள்தான் பாமரும் மனைவியும் பத்துப் பிள்ளைகளும் குடித்தனம் நடத்தினார்கள். சமையல், படுக்கை, பிரசவம், காய்ச்சல், பனிக்கால முடக்கம் எல்லாம் இங்கேயேதான்.

ஓடைக்கரையில் மரம் கிடைத்ததால் பாமருக்கு இந்த வீடாவது வாய்த்தது. மரமில்லாத புல்வெளிக்குப் போனவர்கள், வேரோடிய மண்ணைக் கட்டிகளாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும்.

இந்த வீடு முதலில் நின்றது இங்கல்ல. அதே வட்டாரத்திலிருந்து 1950-ல் கொண்டுவந்தார்கள். பூங்கா இருக்கும் நிலம் டேனியல் ஃப்ரீமனுடையது. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டம் 1863 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. அன்றே மனுக் கொடுத்தவர் ஃப்ரீமன். நள்ளிரவு கடந்ததுமே நில அலுவலகத்தைத் திறக்க வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

சட்டம் தந்தது 160 ஏக்கர். கட்டணம் மொத்தம் 18 டாலர். ஆனால் பட்டா கைக்கு வர, அங்கேயே வீடு கட்டி, 5 ஆண்டுகள் குடியிருந்து, பயிரிட்டு, அதற்கு இரண்டு சாட்சிகளையும் நிறுத்த வேண்டும். வெட்டுக்கிளிக்கும் வறட்சிக்கும் தோற்று, பாதியில் வண்டி கட்டித் திரும்பியவர்கள் ஏராளம். தாக்குப்பிடித்துப் பட்டா வாங்கியவர்கள் சுமார் 16 லட்சம் பேர். அவர்களுக்குப் போன நிலம் ஏறத்தாழ 27 கோடி ஏக்கர். கணவனில்லாத பெண்களும் தங்கள் பெயரிலேயே மனுப் போட முடிந்தது. அந்தக் காலத்துக்கு இது மிகப் பெரிய விஷயம்.

இத்தனை நிலம் எங்கிருந்து வந்தது? இந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் ஓட்டோ-மிசூரியா மக்கள். 1854 ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றங்கரையில் ஒதுக்கிய பகுதிக்குள் ஒடுங்கினார்கள். அதுவும் நிலைக்கவில்லை. குடியேறிகளின் கண் அதன்மேலும் விழ, 1881-ல் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். பாமர் வீட்டின் முன் நின்று அந்தப் பத்துப் பிள்ளைகளை நினைக்கும்போது, அதே ஆண்டுகளில் ஊரைக் காலிசெய்துகொண்டு போன இந்தப் பிள்ளைகளையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த வாரம் கான்சாஸ்: அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் 1877-ல் உருவாக்கிய நிக்கோடிமஸ் ஊர்.