நம்மட மணலும் காந்த இரும்பும்



நம்மட ஊரான சீனன்குடாவைச் சொன்னால் வெளியூர்க்காரருக்கு எண்ணெய்த் தாங்கிகளும் விமான ஓடுபாதையும்தான் ஞாபகம் வரும். இன்று நாங்கள் சொல்வது இரும்பின் கதை.

புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணல் இல்மனைட். இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. 1957 இல் இதற்கென அரச கூட்டுத்தாபனம் அமைந்தது. வலுவான காந்தங்களால் பிரித்துக் கப்பலேற்றுகிறோம். சேருவிலவில் 1971 இல் செம்போடு மக்னடைட்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இது சாதாரண காந்தத்திலேயே ஒட்டும் இரும்பு ஒட்சைட்டு.

இதே மக்னடைட்டை உயிர்களும் செய்கின்றன. பாறையில் ஒட்டி வாழும் கைற்றன் என்ற சிப்பியினப் பிராணி, பாறையைச் சுரண்டித் தின்னும். அதன் பல் மக்னடைட்டால் ஆனது என்று 1962 இல் அமெரிக்காவில் லோவன்ஸ்டாம் காட்டினார். 1975 இல் பிளேக்மோர், சேற்றில் இருந்த சில பற்றீரியாக்கள் காந்தத் திசை பார்த்து நீந்துவதைக் கண்டார். அவற்றின் உடலுக்குள் நுண்ணிய மணிகள் சங்கிலியாக இருந்தன. அவையும் மக்னடைட் என்று பின்னர் உறுதியானது.

சூளை இல்லை, பெரும் சூடு இல்லை. எப்படி? இரும்பை ஒழுங்குபடுத்துவது புரதம்.

1992 இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் இதைச் செய்தே பார்த்தார்கள். பெரிற்றின் என்ற புரதம் நம் உடலிலும் இரும்பைச் சேமித்து வைப்பது. இரத்தச் சோகைக்கு டொக்டர் எழுதித் தரும் சோதனைகளில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது உள்ளே 8 நனோமீற்றர் வெற்றிடமுள்ள ஒரு பந்து. குதிரையிலிருந்து எடுத்த பெரிற்றினின் இரும்பை நீக்கிவிட்டு, ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் உள்ளே காந்த இரும்பு ஒட்சைட்டை வளர்த்தார்கள். பந்தின் அளவுக்கு மேல் மணி வளர முடியாது. அச்சும் காவலும் புரதமே.

1996 இல், டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சேர்வை பூசிய இரும்பு ஒட்சைட்டுத் துகள்களுக்கு, ஈரலை எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பயன்படுத்த அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பற்றீரியா சீனியிலிருந்து செய்யும் அந்தப் பூச்சு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இரும்பு நம்மட கரையில. வேலை மட்டும் ஏன் அங்க?"

பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. மணலை அள்ள இயந்திரம் போதும். மணலை மருந்தாக்கப் படித்த ஆட்கள் வேண்டும். இலங்கையிலும் 2008 இல் ஸ்லின்டெக் என்ற நனோ தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியது. அங்கே போய் நிற்க நம் பிள்ளைகளும் தயாராக வேண்டும்.

பெற்றோரே, "விஞ்ஞானம் கஷ்டம்" என்று உயர்தரத்துக்கு முன்பே பிள்ளையைத் திருப்பிவிடாதீர்கள். ஒருமுறை எங்களிடம் வந்து பேசுங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து வழி பார்ப்போம்.