சுவரில் ஒட்டிய உடன்படிக்கை

எங்கள் காலத்தில் வெண்கட்டியைப் போலவே பிரம்பும் வகுப்பறைப் பொருள்தான். சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றிருந்தாலும் அந்தச் செய்தி வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒன்பதாம் வகுப்பில், எங்கள் ரீச்சர் ஒரு பிரிஸ்டல் போட்டை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டார்.

இடப்பக்கம் எங்கள் வாக்கு: முதல் மணிக்குள் வருவோம், வீட்டுவேலை செய்துவருவோம். வலப்பக்கம் அவருடையது: கொப்பிகளை ஒரு கிழமைக்குள் திருத்தித் தருவேன், காரணம் கேளாமல் தண்டிக்கமாட்டேன். எல்லோரும் கையொப்பமிட்டோம், ரீச்சரும்தான்.

அடுத்த கிழமையே மூதூர் லோஞ்சில் வரும் இருவர், இறங்குதுறையில் சோதனை முடிந்து பிந்தி வந்தார்கள். பிரம்பை எடுத்த ரீச்சர் சுவரைப் பார்த்தார், காரணம் கேட்டார். லோஞ்சில் வருவோருக்கு மணி விலக்கு என்று அன்றே ஒரு வரி சேர்த்தோம். பிரம்பு மேசை லாச்சிக்குள் போனது.

உடல்ரீதியான தண்டனை கூடாதென்ற கல்வி அமைச்சின் 2005/17 சுற்றுநிருபம் வந்தபோது நாங்கள் பாடசாலையை விட்டுப் பல ஆண்டுகள். இன்று எங்களில் மருத்துவரானோர், மருந்தை இடையில் விட்ட நோயாளியை ஏசுமுன் காரணம் கேட்கிறோம். அது அந்த வலப்பக்கத்தில் படித்த பாடம்.