கொடுப்பவரும் பந்தியில் அமர்வார்: திருச்சபையில் மகிழ்வான பணிவிடை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் பொருள்

மகிழ்வோடு பணிசெய்ய வேண்டும் என்ற அறிவுரைக்கு நம் சபைகளில் குறைவில்லை. பெரும்பாலும் அது பணிசெய்பவரின் மனத்தை நோக்கியே சொல்லப்படுகிறது: முறுமுறுக்காதே, முகம் சுளிக்காதே, ஆண்டவருக்காகச் செய். ஆனால் ஒரு சபையில் முகமலர்ச்சியோடு உழைத்த அதே பெண், வேறு ஊருக்குக் குடிபோனதும் அங்குள்ள சபையில் சில மாதங்களிலேயே சலித்து ஒதுங்குவதைப் பார்க்கிறோம். அவருடைய பக்தி தணிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

பணிவிடையில் பிறக்கும் மகிழ்ச்சி, ஆளின் குணத்தைக் காட்டிலும், சபை தன் வேலையை எப்படிப் பகிர்ந்து வைத்திருக்கிறது என்பதையே சார்ந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. கொடுப்பவர், வாங்குபவர் என்ற கோடு மங்கும் இடத்தில் மகிழ்ச்சி தங்குகிறது. அந்தக் கோடு தடிக்கும் இடத்தில், எத்தனை நல்லவர்கள் இருந்தாலும், அது வற்றிப்போகிறது. இதற்குப் புதிய ஏற்பாட்டிலும் தொடக்கத் திருச்சபையின் எழுத்துகளிலும் சான்றுகளைத் தேடிவிட்டு, திருநெல்வேலிச் சீமைச் சபைகளைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

2. வேதாகமச் சான்றுகள்

2.1 மக்கெதோனியரின் காணிக்கை

உற்சாகமாகக் கொடுப்பது பற்றிய பவுலின் சொற்கள் 2 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில் உள்ளன. காணிக்கை எடுக்கும் நேரத்தில் நாம் அதிகம் கேட்கும் பகுதி அது. அதற்கு முந்திய அதிகாரத்தை அவ்வளவாகக் கேட்பதில்லை. எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காகப் பவுல் பணம் திரட்டுகிறார். மக்கெதோனியச் சபையார் தாங்களே கடும் ஏழைகள். இருந்தும் தங்களையும் இந்த உதவியில் சேர்த்துக்கொள்ளும்படி அவர்கள் கெஞ்சிக் கேட்டதாகப் பவுல் எழுதுகிறார். தொடர்ந்து சமநிலை பற்றிப் பேசுகிறார்: இன்று உங்களிடம் மிஞ்சியது அவர்கள் குறையைத் தீர்க்கட்டும், நாளை அவர்களிடம் மிஞ்சுவது உங்கள் குறையைத் தீர்க்கும். கொடுப்பவர் நாளை வாங்குபவராகலாம் என்ற இந்த எண்ணத்துக்குப் பிறகுதான் உற்சாகம் பற்றிய பேச்சு வருகிறது. இந்த வரிசையைக் கலைத்துவிட்டு உற்சாகத்தை மட்டும் கேட்பது பவுலுக்குச் செய்யும் அநியாயம்.

2.2 எழுவர்

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் முறுமுறுப்போடு தொடங்குகிறது. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை. அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும்படி சபையாரிடமே சொன்னார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்ட தரப்பின் கையிலேயே பங்கீட்டைக் கொடுத்திருக்கிறார்கள் என்று கொள்ள இடமிருக்கிறது. முணுமுணுப்பை அடக்குவதைவிட அதன் காரணத்தைத் தீர்ப்பது பெரிய ஆவிக்குரிய வேலை என்பதை அந்தச் சபை அறிந்திருந்தது.

2.3 மார்த்தாள்

லூக்கா 10இல் வரும் மார்த்தாளை வைத்து வேலையா, தியானமா என்று வழக்கமாகப் பிரசங்கிக்கிறோம். அவள் வாயிலிருந்து வரும் குறையைக் கவனித்தால் அது வேலையைப் பற்றியதாக இல்லை. தன்னைத் தனியே விட்டுவிட்டாள் என்று சகோதரியைப் பற்றித்தான் முறையிடுகிறாள். அவளுடைய கவலையை இயேசு எடுத்துக்காட்டியது உண்மை. அந்தக் கவலை எங்கே முளைத்தது என்பதும் கதையிலேயே இருக்கிறது: ஒற்றை ஆளாக நின்ற அடுப்படியில்.

3. தொடக்கத் திருச்சபையும் ஒரு மடத்து ஒழுங்கும்

2ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய யுஸ்தினும், அந்நூற்றாண்டின் இறுதியில் எழுதிய தெர்த்துல்லியனும் கிறிஸ்தவர்களின் பொதுப்பணத்தைப் பற்றிக் குறிப்பிடுகிறார்கள். அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அடக்கத்துக்கு வழியற்றோர் ஆகியோருக்கு அது போய்ச் சேர்ந்தது. விருப்பமுள்ளவர் விரும்பிய அளவு கொடுத்தார், கட்டாயம் இல்லை என்பதை இருவருமே சொல்லத் தவறவில்லை.

இவற்றைவிட என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது, 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் (ஆசீர்வாதப்பர்) தம் மடத்துக்கு வகுத்த ஒழுங்கின் 35ஆம் அதிகாரம். அது சமையற்கட்டைப் பற்றியது. நோயுற்றவர்களும் இன்றியமையாத வேறு பொறுப்பில் இருப்பவர்களும் தவிர, எல்லாத் துறவியரும் வாரமுறை வைத்து அங்கே வேலைசெய்ய வேண்டும். பலவீனருக்குத் துணையாள் தர வேண்டும். வாரம் முடிக்கிறவரும் தொடங்குகிறவரும் சேர்ந்து அனைவரின் கால்களையும் கழுவ வேண்டும். சாப்பாட்டு வேளைக்கு முன்பே, பரிமாறப்போகிறவர்களுக்கு வழக்கமான பங்குக்கு மேலாகக் கொஞ்சம் ரொட்டியும் பானமும் தர வேண்டும். அவர்கள் முறுமுறுப்பின்றிப் பரிமாறுவதற்காக! பசித்த வயிற்றோடு பிறருக்குச் சோறு போடுகிறவரிடம் புன்னகையை எதிர்பார்ப்பது கொடுமை என்று அந்த முதியவருக்குத் தெரிந்திருந்தது. மகிழ்ச்சிக்குச் செபத்தை மட்டும் நம்பியிராமல் ஒரு துண்டு ரொட்டியையும் சேர்த்து வைத்தவர் அவர்.

4. திருநெல்வேலிச் சீமைச் சபைகள்

4.1 கைப்பிடி அரிசி

உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக்கலத்தில் போட்டுவைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் வழக்கம் நம் பெண்களுடையது. மிசோரம் கிறிஸ்தவர்களிடத்திலும் இதே வழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945) இதன் வலிமையை அறிந்தவர். வெள்ளாளன்விளையில் பிறந்த அவர், 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முன்னணியில் நின்றார். இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. 1912இல் தோர்ணக்கல் பேராயராக, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அங்கே பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களைக் கொண்ட ஏழைச் சபைகளிலும் கொடுக்கும் பழக்கத்தை வளர்த்தார்.

ஏழைகளிடம் காணிக்கை கேட்பதா என்று தோன்றலாம். நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். வாங்க மட்டுமே உரிமையுள்ளவர் என்று ஒருவரை ஒதுக்கிவைப்பதுதான் பெரிய அவமதிப்பு. கைப்பிடி அரிசியில் செல்வந்தர் வீட்டுக் கைக்கும் கூலிக்காரர் வீட்டுக் கைக்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் இதே அசரியா வெளிநாட்டு மிஷனரிகளை நோக்கிப் பேசிய பேச்சும் இங்கே பொருந்தும். நீங்கள் எவ்வளவோ தியாகம் செய்துவிட்டீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அதன் சாரம். பணிவிடை பெற்றவர் பக்கத்திலிருந்து எழுந்த குரல் அது. நட்பில்லாத உதவி பெறுகிறவரை மகிழ்விப்பதில்லை. அவர் மகிழாதபோது தருகிறவரின் மகிழ்ச்சியும் நெடுநாள் நிலைப்பதில்லை.

4.2 அசனம்

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் கோயில் திருவிழாக்களில் அசனம் என்னும் பொதுவிருந்து உண்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி எழுதுவார்கள். வசதியுள்ளவர் அரிசி மூட்டையோ கிடாயோ கொடுப்பார். முந்தின நாள் மாலையிலேயே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உள்ளி உரிப்பார்கள், காய் நறுக்குவார்கள். இரவெல்லாம் விறகடுப்பில் கிடாரங்கள் கொதிக்கும். ஆண்கள் முறைவைத்துத் துடுப்புப் போடுவார்கள். பிரதிஷ்டைச் செபத்துக்குப் பிறகு பந்தி தொடங்கும். வாலிபர்கள் வாளியும் கரண்டியுமாக ஓடுவார்கள். ஊரில் எந்த மதத்தவரும் வந்து உட்காரலாம். வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் சோறு போகும்.

தூக்கமில்லாத இரவு, புகை, வெந்நீர் பட்ட கை, வெயிலில் பரிமாற்றம் எனக் கணக்கிட்டால் இதைவிடக் கடினமான சபைப் பணி வேறில்லை. ஆயினும் ஆள் தேட வேண்டிய அவசியம் இதற்கு மட்டும் வருவதில்லை. முதலாவது காரணம், வேலை சிறு சிறு பங்காக உடைந்திருப்பது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் இலை போடும் வேலை உண்டு. இரண்டாவது காரணத்தை நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்: பரிமாறியவர் கடைசிப் பந்தியில் அதே தரையில் அதே சோற்றை உண்கிறார், முன் பந்தியில் சாப்பிட்டவர் அவருக்குப் பரிமாறுகிறார். இங்கே உதவி பெற்றவர் என்று யாரையும் பிரித்துக் காட்ட முடியாது.

இதற்கு எதிர்ச்சான்றும் நம்மிடமே இருக்கிறது. கொரிந்துச் சபையில் சிலர் முந்திக்கொண்டு உண்டு வெறிகொள்ள, மற்றவர் பசியோடிருந்ததைப் பவுல் கடிந்தார். தமிழ்ச் சபைகளில் அந்தப் பிரிவினை சாதியாக நின்றது. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்சுவர் போனபின்பும், யார் சமைக்கலாம், யார் தண்ணீர் ஊற்றலாம், யார் எச்சில் இலை எடுக்க வேண்டும் என்று சொல்லாமலே வகுத்துவைத்திருக்கும் ஊர்கள் உண்டு. அங்கே நடப்பதை அசனம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

5. டோனாவூர்: இழிவென்று கருதப்பட்ட வேலை

மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் திருநெல்வேலிச் சீமையிலேயே உள்ள டோனாவூருக்கு வந்தார். இந்துக் கோயில் பணிக்கென விடப்பட்ட சிறுமி ஒருத்தி அதே ஆண்டு அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதுவரை பெண்கள் குழுவோடு ஊர் ஊராகச் சென்று நற்செய்தி சொல்லிவந்தவர், படிப்படியாகப் பச்சிளங்குழந்தைகளை வளர்க்கும் வேலைக்குள் வந்துசேர்ந்தார். பிரசங்கத்தை விட்டுவிட்டு ஆயா வேலை பார்ப்பதா என்ற கேள்வி அவருக்கே எழுந்தது. ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சியில் அதற்கு விடை கண்டார். பொன்னம்மாள் உள்ளிட்ட தமிழ்ப் பெண்கள் அவரோடு அந்த வேலையைத் தோளில் ஏற்றார்கள்.

டோனாவூரின் மகிழ்ச்சியை அம்மையாரின் ஆளுமையோடு மட்டும் முடிச்சுப் போடுவது முழுமையாகாது. இந்தியரும் வெளிநாட்டாரும் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். வேலைகளில் ஆவிக்குரியது, உலகத்துக்குரியது என்ற தரவரிசையை அகற்றினார்கள். 1916இல் இளம்பெண்கள் சிலரைச் சேர்த்து அம்மையார் ஒரு சகோதரிகள் குழுவை அமைத்தார். செபத்தையும் கைவேலையையும் ஒரே வாழ்க்கையாகப் பிணைப்பது அதன் நோக்கம். துணி அலசுகிறவரும் பாடம் நடத்துகிறவரும் ஒரே மதிப்போடு ஒரே பாட்டைப் பாடும் ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாடே பாட்டை உயிரோடு வைத்தது என்பது என் கணிப்பு.

6. மகிழ்ச்சி வற்றும் இடங்கள்

இன்றைய சபைகளில் மகிழ்ச்சி வற்றுவது மூன்று இடங்களில் கண்கூடாகத் தெரிகிறது. முதலாவது, ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம் என எல்லாவற்றிலும் அதே நாலைந்து பேர். அவர்கள் மறுத்தால் விசுவாசக் குறைவு என்று பேச்சு வரும். மறுக்க முடியாதவரின் சம்மதத்தை மனப்பூர்வமானது என்று எப்படிச் சொல்வது? அடுத்து, கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டில் பொறிப்பது. மின்விசிறியின் இறக்கையில்கூடப் பெயர் எழுதும்போது, பெருக்கித் துடைத்தவரின் உழைப்புக்கு எழுத இடமே இல்லாமற் போகிறது. மூன்றாவது தேர்தல். சேகரக் குழு, திருமண்டலப் பெருமன்றம் என்று பதவிப் போட்டி முற்றும்போது பணிவிடை வாக்குத் திரட்டும் வழியாகிவிடுகிறது. நேர்மையாக உழைப்பவர் மீதும் சந்தேகம் விழுகிறது. அவர் மெல்ல விலகுகிறார். இந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

7. வாங்க மட்டுமே முடிந்தவர்கள்

என் துணிபுக்கு ஒரு தடை எழுப்பலாம். படுக்கையில் கிடக்கும் முதியவர், நினைவு தப்பியவர், நாளெல்லாம் பிறர் கவனிப்பில் இருப்பவர் எதைக் கொடுப்பார்? அவர்களிடத்தில் பணிவிடை ஒருவழிப் பாதைதானே?

நினைவு தப்பியவரைப் பொறுத்தவரை, அவர் முன்பு கொடுத்துவிட்டார் என்பதே என் பதில். அவர் தூக்கி வளர்த்த சபைதான் இன்று அவரைத் தூக்குகிறது. மற்றவர்கள் விஷயத்தில் நாம்தான் சோம்பலாக இருக்கிறோம். சபைகுரு வீட்டில் வந்து இராப்போஜனம் கொடுத்துப் போவதோடு அவர்களுடைய சபை வாழ்க்கையை முடித்துவிடுகிறோம். சபையின் செபக் குறிப்புகளை வாரந்தோறும் அவர்கள் கையில் கொடுத்து, பெயர் பெயராக மன்றாடும் பொறுப்பை முறையாக ஒப்படைக்கலாம். ஞானஸ்நானத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ஊர்ச்சபையின் பழங்கதையைச் சொல்லும் ஆசிரியராக அவர்களை நியமிக்கலாம். கை ஓடுகிறவர்களுக்கு அசனத்துக்கு முந்தின நாள் உரிக்க வேண்டிய உள்ளியில் ஒரு படி வீட்டுக்கே போகலாம். மறுநாள் அதே வீட்டுக்குத் தூக்குவாளியும் போகும்.