நோன்பாளியாக ஆடிய வீரர்: ஹக்கீம் ஒலாஜுவானின் வரலாறு

ரமழான் நெருங்கும்போது, "பிள்ளைக்கு விளையாட்டுப் பயிற்சி இருக்கிறதே, நோன்பு பிடித்தால் தாங்குவானா?" என்று பெற்றோர் சிலர் கவலைப்படுவதுண்டு. அவர்கள் அறிய வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட வீரர் ஹக்கீம் ஒலாஜுவானுடையது.

1963ஆம் ஆண்டு நைஜீரியாவின் லாகோஸ் நகரில், யொரூபா முஸ்லிம் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் சிமெண்ட் வணிகம் செய்தவர்கள். சிறுவயதில் கால்பந்தாட்டத்தில் கோல் கீப்பராக இருந்தவர், பதின்ம வயதில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். 1980இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1984ஆம் ஆண்டின் என்பிஏ வீரர் தேர்வில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி அவரை முதலாவது வீரராகத் தெரிவுசெய்தது. புகழ்பெற்ற மைக்கேல் ஜோர்டான் அத்தேர்வில் மூன்றாம் இடத்தையே பெற்றார்.

திறமை இருந்தது, நிதானம் இருக்கவில்லை. 1986இல் லேக்கர்ஸ் அணியுடனான ஆட்டமொன்றில் எதிரணி வீரருடன் கைகலப்பில் இறங்கி வெளியேற்றப்பட்டார். அந்நிய நாட்டு வாழ்வில் மார்க்கக் கடமைகளிலும் தளர்வு ஏற்பட்டிருந்தது. பின்னர் ஹூஸ்டன் பள்ளிவாசலுடன் ஏற்பட்ட தொடர்பு அவரை மாற்றியது. தொழுகையிலும் குர்ஆனிலும் மனம் ஊன்றலானார். அதுவரை 'அகீம்' என்று எழுதப்பட்டுவந்த தம் பெயரை, 1991இல் 'ஹக்கீம்' என்று திருத்திக்கொண்டார். ஓரெழுத்து மாற்றம்தான், எனினும் தாம் யார் என்பதை அவர் உலகுக்கு அறிவித்த விதம் அது.

அவருடைய விளையாட்டு வாழ்வின் உச்சம் அதன் பிறகே வந்தது. 1994இல் அணி கோப்பையை வென்றது. அப்பருவத்தின் மிகச்சிறந்த வீரர், சிறந்த தற்காப்பு வீரர், இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் ஆகிய மூன்று விருதுகளும் அவருக்கே கிடைத்தன. ஒரே பருவத்தில் இம்மூன்றையும் பெற்றவர் வேறெவருமில்லை.

1995இல் ரமழான், பிப்ரவரி மாதத்தில் போட்டிப் பருவத்தின் நடுவே வந்தது. பயணத்தில் இருப்போர் நோன்பைப் பிற்படுத்த மார்க்கம் சலுகை தருகிறது. அதை ஏற்பவர்மீது குற்றமில்லை. ஆயினும் ஹக்கீம் ஆட்ட நாள்களிலும் நோன்பு நோற்றார். ஸஹர் நேரத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் உட்கொள்வார். பகல் ஆட்டமாயின், வியர்வை கொட்டும் அந்நேரத்திலும் ஒரு மிடறு நீர் அருந்தமாட்டார். அம்மாதத்தின் சிறந்த வீரராக என்பிஏ அவரையே அறிவித்தது. அவ்வாண்டும் ராக்கெட்ஸ் அணி, இறுதிப் போட்டியில் ஆர்லாண்டோ அணியை 4-0 என வென்று கோப்பையைத் தக்கவைத்தது.

நோன்பு நோற்றதால்தான் கோப்பை கிடைத்தது என்று நாம் சொல்லவில்லை; இபாதத் வெற்றிக்கான தந்திரமன்று. நோன்பு அவருடைய தொழிலுக்குத் தடையாகவில்லை என்பதே இங்கு நிறுவப்பட்ட உண்மை.

2002இல் ஓய்வு பெற்றபோது, எதிரணியினர் கூடையை நோக்கி எறிந்த 3,830 பந்துகளைத் தடுத்திருந்தார். என்பிஏ வரலாற்றில் அதுவே உச்ச எண்ணிக்கை. ஓய்வுக்குப் பின் வட்டிக்கடன் வாங்காமல், சொந்தப் பணத்தைக் கொண்டே நிலமும் கட்டடமும் வாங்கி விற்கும் வணிகத்தில் சிறந்தார். ஹூஸ்டனில் பழைய வங்கிக் கட்டடமொன்றை வாங்கி இஸ்லாமிய அழைப்பு மையமாக மாற்றினார். வட்டி எண்ணப்பட்ட இடத்தில் இன்று ஸஜ்தா செய்யப்படுகிறது.

பெற்றோரே! வலிமைக்கு மீறி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்த வேண்டாம். ஆனால், "உன்னால் முடியாது" என்று நாமே முந்திக்கொண்டு தீர்ப்பளிக்கவும் வேண்டாம். கல்விக்காகவோ தொழிலுக்காகவோ தூரதேசம் சென்று மார்க்கத்தில் தளர்ந்துபோன பிள்ளை இருப்பின், அவனைப் பற்றியும் நம்பிக்கை இழந்துவிடாதீர்கள். ஹக்கீம் தம் பெயரைத் திருத்திக்கொண்டபோது அவருக்கு வயது 28. அவனுக்காக துஆச் செய்யுங்கள். அவன் திரும்பிவரும் நாளில் வாசற்கதவு திறந்திருக்கட்டும்.